துணைக்கு யார் வந்திருக்கீங்க?

வாயு என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதெல்லாம் வாயு அல்ல. எழுபதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு "என்னமோ படபடன்னு வருது" என்றால் ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், ஒரு கேஸ் மாத்திரை என்று வைத்தியம் வரிசை கட்டும். அரை மணி நேரத்தில் படபடப்பு அடங்கிவிடும். பெயர் ஓமத்துக்குப் போய்விடும். உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கும் என் அத்தைக்கும் மாதக்கணக்கில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வயது 78. பிரஷருக்கும் சுகருக்கும் ஏற்கெனவே மாத்திரை. "படியேறுனா மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். காய்ச்சலுக்காகப் பக்கத்து ஊர் கிளினிக்குக்குப் போன இடத்தில், டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்த நீளக் காகிதத்தின் ஓரத்தில் 'ஏ.எஃப்.' என்று பேனாவால் எழுதி, 'கார்டியாலஜிஸ்டைப் பார்க்கவும்' என்று அனுப்பிவைத்தார்.

ஏ.எஃப். என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறையில் ஓரிடத்திலிருந்து ஒழுங்காகக் கிளம்ப வேண்டிய மின் தூண்டல் குலைந்து, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்னலைகள் அங்கே ஓடுகின்றன. மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணு பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுவதால் ஆள் பிழைக்கிறார். ஆனாலும் கீழறை 100, 140, 160 என்று ஒழுங்கில்லாமல் அடிக்கிறது. படபடப்பு, மூச்சு வாங்கல், அசதி, கிறுகிறுப்பு எல்லாம் இதனால்தான். சிலருக்கு எதுவுமே தெரியாது.

தெரிகிற தொல்லையைவிடத் தெரியாத ஆபத்துதான் பெரிது. இடது மேலறையின் ஓரத்தில் சுருக்குப்பை மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. அறை சரியாகச் சுருங்காதபோது அதற்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒருநாள் கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகர மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்று 1991-ல் சொன்னது. இப்படி வரும் பக்கவாதம் மற்ற வகைகளைவிடக் கடுமையாகவும் இருக்கும்.

ஆகவே இந்த நோயில் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்?" என்பதல்ல. "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டுமா, எப்போது தொடங்குவது?" என்பதுதான். இதைச் சரியாகக் கேட்டு, பதில் வாங்கி, அதை வீட்டில் நடத்திக் காட்டுவது துணைக்குப் போகிறவரின் வேலை. வெளிநோயாளர் பிரிவில் நர்ஸம்மா "துணைக்கு யார் வந்திருக்கீங்க?" என்று சத்தம் போட்டுக் கேட்பதைச் சும்மா பையைத் தூக்க ஆள் கேட்பதாக நினைத்துவிடக் கூடாது.

அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்

இந்த நோய் பலருக்கு வந்து வந்து போகும். சில மணி நேரம் இருக்கும், பிறகு துடிப்பு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். பத்து நாள் கழித்து மதுரைக்கோ சென்னைக்கோ போய்ப் படுக்கவைத்து எடுத்தால் இ.சி.ஜி. பளிச்சென்று நார்மலாக வரும். ஆகவே அந்தச் சின்ன கிளினிக்கில், படபடப்பு இருக்கும்போதே எடுத்த காகிதம்தான் முக்கியமான சாட்சி. பெரிய இடத்தில் புதிதாக எடுப்பார்களே என்று அதை வீட்டிலேயே போட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும் மஞ்சள் பையிலிருந்து ஒரு லேமினேஷன் அட்டையை எடுத்து நீட்டினார். முழுக்கக் கறுப்பு. இ.சி.ஜி. காகிதம் கிழிந்துவிடக் கூடாது என்று அக்கறையாகக் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருக்கிறார். பெரும்பாலான இ.சி.ஜி. காகிதம் சூட்டில் அச்சாகும் வகை. லேமினேஷன் இயந்திரத்தின் சூடு பட்டால் மொத்தமும் கறுத்துப்போகும். சும்மா வைத்தாலும் சில வருடங்களில் மங்கிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள், கைபேசியில் படமும் எடுத்துவையுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி.

காகிதமே இல்லை, படபடப்பு மட்டும் வந்து போகிறது என்றால் ஹோல்ட்டர் என்ற சின்னப் பெட்டியை 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டி அனுப்புவார்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியைப் பாருங்கள். வேகம் இருக்கட்டும், இடைவெளி சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் ஒரு துடிப்பு சீக்கிரமும் அடுத்தது தாமதமுமாக வந்தால் அன்றைக்கே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட ஆக்சிமீட்டரில் நாடி எண் 84, 121, 97 என்று தாவிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு துப்பு. நோயை உறுதி செய்வது இ.சி.ஜி. மட்டுமே.

வீட்டு பிரஷர் மெஷினை இந்த நோய் குழப்பும். துடிப்புக்குத் துடிப்பு அளவு மாறுவதால் ஒரே உட்காரலில் மூன்று முறை எடுத்து மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

யாரைப் பார்ப்பது?

இ.சி.ஜி.யில் ஏ.எஃப். தெரிந்தால் இதய நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும், சரி. அவர்களிலேயே மின்னோட்டக் கோளாறுகளுக்கு என்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் 'இ.பி. டாக்டர்' என்பார்கள். தமிழ்நாட்டில் இவர்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, வேலூர், மதுரை போன்ற ஊர்களில்தான் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து அத்தையின் மகன் வீடியோ காலில் வந்து "டாப் இ.பி. டாக்டர்கிட்டயே நேராப் போயிருவோம் மாமா" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரை மாத்திரை இல்லாமல் காத்திருப்பதுதான் தப்பு. முதல் முடிவை எடுக்க மாவட்டத் தலைமை மருத்துவமனையிலுள்ள பொது மருத்துவரே போதும். எக்கோ, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ரத்த அணுக்கள், பொட்டாசியம் ஆகிய பரிசோதனைகளையும் உள்ளூரிலேயே முடித்துவிடலாம். தைராய்டை விட்டுவிடக் கூடாது. அதிகமாகச் சுரக்கும் தைராய்டு முதியவர்களிடம் வேறெந்த அறிகுறியும் காட்டாமல் ஏ.எஃப்.பாக மட்டுமே தலைகாட்டுவதுண்டு.

இ.பி. டாக்டர் எப்போது தேவை? துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை கொடுத்தும் படபடப்பும் மூச்சு வாங்கலும் குறையாதபோது, இதயத்தின் இயங்குதிறன் குறைந்திருக்கும்போது, மயக்கம் வந்தபோது, துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரலாமா என்று யோசிக்கும்போது. பிரான்ஸின் போர்தோ நகரத்தில் மிஷேல் ஐசாகேர் குழுவினர், கோளாறான மின் தூண்டல்கள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்துதான் கிளம்புகின்றன என்று 1998-ல் காட்டினார்கள். தொடைவழியாகக் குழாய் செலுத்தி அந்த இடத்தைத் தனிமைப்படுத்தும் 'அப்லேஷன்' சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததே. நோய் கண்ட ஓராண்டுக்குள்ளேயே துடிப்பை ஒழுங்குபடுத்த முயல்வது பலருக்கு நன்மை தருகிறது என்று 2020-ல் வெளியான ஈஸ்ட் ஆய்வு சொல்கிறது. ஆகவே 'வயசாயிருச்சு, விட்டுருங்க' என்பது பதிலாகாது. எல்லாருக்கும் அப்லேஷன் என்பதும் பதிலாகாது. வருடக்கணக்கில் நிலைத்துவிட்ட நோய்க்கு அதன் பலன் குறைவு. அப்லேஷன் செய்துகொண்டாலும் பக்கவாத ஆபத்து அதிகமுள்ளவர்கள் மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும். "ஒரே தடவை சரி பண்ணிட்டா மாத்திரையே வேண்டாம்" என்று யாராவது ஆசை காட்டினால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏழெட்டு நோய்க்கு ஏழெட்டு டாக்டரைப் பார்த்துப் பதினைந்து மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், முதியோர் நல மருத்துவர் ஒருவர் மொத்தத்தையும் பார்ப்பது இன்னும் உதவும். இந்தத் துறையில் சென்னை முன்னோடி. அரசுப் பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கிறது. எந்தச் சிகிச்சை அதில் வரும், எந்த ஆஸ்பத்திரியில் வரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். அட்மிட் ஆனபிறகு கேட்டு அலைகிறவர்களை அந்தக் கவுன்ட்டரில் எப்போதும் பார்க்கலாம்.

டாக்டர் அறைக்குள் ஐந்து நிமிடம்

உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள்தான். "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்றதும் "வெள்ளை மாத்திரை ஒண்ணு, காலையில பாதி மாத்திரை ஒண்ணு" என்று தொடங்கினால் அதிலேயே நேரம் தீர்ந்துபோகும். மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டுவலி மாத்திரை, சித்த மருந்து, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, மயக்கம் உண்டா, இதற்கு முன் ரத்தக்கசிவு உண்டா, கறுப்பாக மலம் போனதா, எடை எவ்வளவு? இவை ஒரு தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. டாக்டர்கள் பெரும்பாலும் துணைக்கு வந்தவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். நாமும் தலையாட்டிக்கொண்டிருப்போம். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க சாமி. அவனுக்கா வந்திருக்கு?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தினமும் மாத்திரை விழுங்கப் போகிறவருக்கு அது எதற்கு என்று புரியாவிட்டால், மூன்றாம் மாதம் அந்த டப்பா சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும்.

ரத்தம் உறையாமை மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர்கள் ஒரு மதிப்பெண் கணக்கில் பார்க்கிறார்கள். 75 வயதானால் 2, 65 முதல் 74 வரை 1, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, இதயம் பலவீனமானால் 1, ரத்தக்குழாய் நோய்க்கு 1, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்றால் 1 சேர்ப்பது வழக்கம். 2024-ன் ஐரோப்பிய வழிகாட்டல் அதை நீக்கிவிட்டது. நீக்கினாலும் அத்தைக்கு 4. இரண்டு இருந்தாலே மாத்திரை வேண்டும் என்பதுதான் வழிகாட்டல். இந்தக் கணக்கைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அத்தைக்கு ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?"

இங்கேதான் பல முதியவர்களுக்கு அநியாயம் நடக்கிறது. 'வயசானவங்க, ரத்தம் கசிஞ்சிரும்' என்று பயந்து ஆஸ்பிரினோடு நிறுத்திவிடுகிறார்கள். அத்தைக்கும் முதலில் ஓரிடத்தில் ஆஸ்பிரினும் கேஸ் மாத்திரையும்தான் எழுதினார்கள். இங்கிலாந்தில் 75 வயதைத் தாண்டிய 973 பேரிடம் வார்ஃபரின் என்ற பழைய உறையாமை மாத்திரையையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-ல் வந்தது. பக்கவாதம் ஆண்டுக்கு ஆஸ்பிரின்காரர்களில் 3.8 சதவீதம், வார்ஃபரின்காரர்களில் 1.8 சதவீதம். பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 'கீழே விழுந்துவிட்டால்?' என்ற பயத்துக்கும் 1999-ல் கனடாவில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விழுவதால் மண்டைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து மருந்தின் நன்மையை மிஞ்ச வேண்டுமானால், ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும் என்று வந்தது. அது கணக்கு மாதிரிதான். அதற்காக வழுக்கும் குளியலறையை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஆனால் விழுவாரோ என்ற பயத்தில் பக்கவாதத்தை ஏற்றுக்கொள்வது எந்தக் கணக்கிலும் வராது.

எந்த மாத்திரை? டபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான் என்று 2009-க்குப் பிறகு வந்த புதிய வகைகளுக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை மாதாமாதம் வேண்டாம். கீரைக்குப் பயப்பட வேண்டாம். காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தின் நிலை, வயது, எடை பார்த்து அளவு மாறும். நம் நாட்டில் இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. சிறுவயது மூட்டுவாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள், உலோக வால்வு பொருத்தியவர்கள் ஆகியோருக்குப் பழைய வார்ஃபரினோ அசினோகுமராலோதான். வாத இதய நோயுள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2022-ல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். எக்கோ எடுக்காமல் மாத்திரையைத் தேர்வு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

வார்ஃபரின் என்றதும் யாராவது உறவுக்காரர் "அது எலி மருந்தாச்சே!" என்பார். உண்மைதான். 1948-ல் எலி கொல்லியாக வந்து, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அளவோடு கொடுத்தால் உயிர் காக்கிறது. ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையை அறவே நிறுத்தச் சொல்லிப் பலர் பயமுறுத்துகிறார்கள். முருங்கைக்கீரையை ஒருவாரம் தினமும், அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் சிக்கல். எப்போதும் சாப்பிடும் அளவைச் சீராக வைத்துக்கொண்டால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தபிறகு

ரிவரோக்சபானை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ராத்திரி இரண்டு இட்லியோடு போட வேண்டும். அபிக்சபானும் டபிகாட்ரானும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. டபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கக் கூடாது. புது மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடும் என்பதால், தீர்ந்துபோய் 'திங்கக்கிழமை வாங்கிக்கலாம்' என்று விடுவது ஆபத்து. அட்டையில் ஒரு வாரத்துக்கு மீதம் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை மூட்டுவலிக்காக. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உறையாமை மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். அத்தைக்கு அந்த மஞ்சள் மாத்திரை இல்லாமல் பொழுது விடியாது. பாரசிட்டமாலும், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் என்று பேரம் பேசி முடித்தோம். கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவைத்தோம், அவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று. இடுப்பில் ஊசி போடுவதற்கு முன்னாலும் பல் பிடுங்குவதற்கு முன்னாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். ஆனால் நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று அத்தையின் பர்ஸில் எப்போதும் இருக்கிறது.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், கண் திடீரென மங்கினால் மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். உறையாமை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஊசி போடலாமா என்று முடிவெடுக்கக் கடைசியாக எப்போது மாத்திரை போட்டார் என்று கேட்பார்கள். பதில் தெரிந்தவர் கூடவே போக வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஏ.எஃப்.புக்கும் அந்த மாதிரி ஒரு நடைமுறை வேண்டும். இ.சி.ஜி.யில் நோய் தெரிந்ததும், மதிப்பெண் கணக்குப் போட்டு, ரத்தக்கசிவு அபாயத்தையும் வால்வையும் பார்த்து, உறையாமை மாத்திரையைத் தாலுகா மருத்துவமனையிலேயே தொடங்கிவிட்டு அதன்பிறகு ரெஃபர் செய்யட்டும். ஐ.என்.ஆர். பரிசோதனையும் அங்கேயே கிடைக்கட்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு 40 கிலோமீட்டர்தான். ஆனால் அதிகாலை பஸ் பிடித்து டோக்கன் வாங்கக் கூடவே வர எல்லா முதியவர்களுக்கும் ஆள் இல்லை. சுகாதாரத் துறை அவர்களை மனதில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.